நெட் வரவில்லையா? ரூட்டரின் எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள்

நெட் நின்றுவிட்டால் பலரும் முதலில் செய்வது, ஓர் ஊசியை எடுத்து ரூட்டரின் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் குத்துவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த ஓட்டைக்குள் இருப்பது ரீசெட் பொத்தான். பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான ரூட்டர்கள் கடையில் வாங்கிய அன்று இருந்த நிலைக்குப் போய்விடும். வைஃபை பெயர், பாஸ்வேர்டு, சேவை நிறுவனம் கொடுத்த பயனர் கணக்கு எல்லாம் அழிந்துவிடும். அதுவரை ஒரு கோளாறுதான் இருந்தது, இப்போது இரண்டு.

ரூட்டர் என்பது வீட்டு வாசல் மாதிரி. ஒரு பக்கம் தெரு, அதாவது சேவை நிறுவனத்தின் கம்பி வந்து சேரும் பக்கம். மறுபக்கம் வீடு, அதாவது உங்கள் ஃபோன், கணினி, டிவி எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும் பக்கம். எந்தக் கோளாறாக இருந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: அறுந்தது தெருப்பக்கமா, வீட்டுப்பக்கமா? இதற்கு விடை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் எதைத் தொட்டாலும் குருட்டாம்போக்குதான்.

இதற்கு வேண்டியது நல்ல நிலையில் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு ஈதர்நெட் கேபிள், அதைச் செருக ஒரு லேப்டாப், குறித்து வைக்கக் காகிதமும் பேனாவும். கேபிளைத் தனியாக அலமாரியில் எடுத்து வையுங்கள். அன்றாடம் புழங்கும் கேபிளை வைத்துச் சோதித்தால், கோளாறு ரூட்டரிலா கேபிளிலா என்று கடைசிவரை தெரியாது.

பின்பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்

ரூட்டரைத் திருப்பினால் ஒரே அளவில் நான்கைந்து சதுர ஓட்டைகள் இருக்கும். அவற்றில் ஒன்று மட்டும் வேறு நிறத்திலோ, மற்றவற்றிலிருந்து சற்றுத் தள்ளியோ இருக்கும். பக்கத்தில் 'வான்' என்றோ 'இன்டர்நெட்' என்றோ அச்சிட்டிருப்பார்கள்; சிலவற்றில் உலக உருண்டைப் படம் இருக்கும். அதுதான் தெருவாசல். 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும் மற்றவை லான் போர்ட்கள், வீட்டுக்குள் திறக்கும் கதவுகள். கணினியை இந்த நான்கில் எதில் செருகினாலும் பொதுவாக ஒன்றுதான். சேவை நிறுவனமே கொடுத்த சில பெட்டிகளில் மட்டும் ஒரு லான் போர்ட்டை டிவி பெட்டிக்கென்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். அதில் கணினியைச் செருகினால் நெட் வராது. பக்கத்துப் போர்ட்டில் வந்துவிடும்.

இவற்றைவிடக் குறுகலாக ஒன்றிரண்டு ஓட்டைகள் இருந்தால் அவை டெலிபோன் கம்பிக்கு உரியவை. டெலிபோன் பிளக் சிறியது என்பதால் அது லான் போர்ட்டுக்குள்ளும் நுழைந்துவிடும். நுழைகிறதே என்று அழுத்தாதீர்கள். உள்ளே இருக்கும் எட்டுத் தகடுகளில் இரண்டு ஓரத்துத் தகடுகள் வளைந்து போகும். அப்புறம் சரியான கேபிளைச் செருகினாலும் தொடர்பு ஒழுங்காகக் கிடைக்காது.

ஃபைபர் இணைப்பாக இருந்தால், அடியிலோ பக்கவாட்டிலோ பச்சை முனையுள்ள மெல்லிய கம்பி ஒன்று வந்து சேரும். சில வீடுகளில் ஃபைபர் பெட்டி தனி, ரூட்டர் தனி. சில வீடுகளில் இரண்டும் ஒரே பெட்டி. உங்களுடையது எது என்பதை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பல இடங்களில் இது தேவைப்படும்.

லைட்டே எரியவில்லை, அல்லது தானாக அணைந்து எரிகிறது

முதலில் பின்னால் இருக்கும் ஆன்-ஆஃப் பொத்தானைப் பாருங்கள். துடைக்கும்போது கை பட்டு அணைந்திருப்பது அடிக்கடி நடப்பது. அது சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் அடாப்டர்.

அடாப்டர் ஒரேயடியாகச் செத்தால் கண்டுபிடிப்பது சுலபம். அது மெல்ல மெல்லத் தளரும்போதுதான் குழப்பம். காலையில் நன்றாக இருக்கும். மாலையில் எல்லாரும் வீட்டுக்கு வந்து நாலு ஃபோன், டிவி எல்லாம் சேர்ந்ததும் ரூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும். சேவை நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருப்போம். உண்மையில் சுமை கூடியதும் மின்சாரம் போதாமல் ரூட்டர் மயங்கி விழுகிறது. நெட் போகும் அந்த நொடியில் லைட்களைக் கவனியுங்கள். இன்டர்நெட் லைட் மட்டும் போனால் கோளாறு தெருப்பக்கம். எல்லா லைட்டும் ஒரே நேரத்தில் அணைந்து மறுபடி எரிந்தால் மின்சாரத்தின் பக்கம்.

மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அளவு ரூட்டரின் அடியில் எழுதியிருப்பதோடு அச்சாகப் பொருந்த வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. 12 வோல்ட் 1 ஆம்பியர் கேட்கும் ரூட்டருக்கு 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் ஒரு தீங்கும் செய்யாது. ரூட்டர் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும். ஆனால் 9 வோல்ட் ரூட்டரில் 12 வோல்ட் அடாப்டரைச் செருகினால் ரூட்டரே போய்விடலாம். முனை ஒன்றுபோல் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். பிளஸ் மைனஸ் எந்தப் பக்கம் என்று காட்டும் சின்ன வட்டப் படமும் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள்.

சிவப்பு லைட் சிமிட்டுகிறது

ஃபைபர் பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்று ஒரு லைட் இருக்கும். ஒளி வந்து சேரவில்லை என்று சொல்வதற்கான லைட் அது. அணைந்திருந்தால் நல்லது, சிவப்பாகச் சிமிட்டினால் ஒளி வரவில்லை. பக்கத்தில் 'பான்' என்று இன்னொன்று. அது நிலையாக எரிந்தால் தெருப்பக்கம் சரி. சிமிட்டிக்கொண்டே இருந்தால், ஒளி வருகிறது, ஆனால் நிறுவனத்தின் மையம் உங்கள் பெட்டியை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

எல்ஓஎஸ் சிவப்பாக இருக்கும்போது செட்டிங்ஸில் எதை மாற்றியும் பயனில்லை. நீங்கள் பார்க்கக்கூடியவை இரண்டுதான். பச்சை முனை முழுதாக உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறதா? கம்பி எங்காவது மேசைக் காலடியில் நசுங்கியோ, கூர்மையாக மடங்கியோ இருக்கிறதா? ஃபைபர் கண்ணாடி இழை. செம்புக் கம்பியைச் சுருட்டுவதுபோல் இறுக்கிச் சுருட்டினால் வளைவில் ஒளி வெளியே கசிந்துவிடும். உள்ளங்கை அகலத்துக்குக் குறைவான வளையம் வேண்டாம்.

முனையைக் கழற்றி உற்றுப் பார்க்காதீர்கள், ஊதவும் வேண்டாம். வீட்டுக்கு வரும் ஒளி பெரும்பாலும் 1490 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது, கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதற்காக அது இல்லை என்று ஆகாது. ஒளி ஓடும் இழையின் நடுப்பகுதி ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர்தான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. ஒரு தூசு போதும் வழியை அடைக்க. விரல் பட்ட முனை சரியாக வேலை செய்யாமல் போவது அதனால்தான். இதற்கு மேல் நிறுவனத்தின் ஆள் வந்துதான் பார்க்க வேண்டும். "எல்ஓஎஸ் சிவப்பு" என்று அழைத்தவுடன் சொல்லிவிடுங்கள். "ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்" என்ற சுற்றிலிருந்து பெரும்பாலும் தப்பிக்கலாம்.

லைட் எல்லாம் சரி, யாருக்குமே நெட் இல்லை

இங்கேதான் லேப்டாப் வேண்டும். கேபிளை ஒரு லான் போர்ட்டில் செருகி, லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டு, ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1, ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். சீட்டு கிழிந்திருந்தால், கணினியின் நெட்வொர்க் விவரத்தில் 'கேட்வே' என்று காட்டுவதுதான் அந்த முகவரி. ஃபோனிலிருந்து திறப்பவர்கள் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுத் திறங்கள். வைஃபையில் நெட் இல்லை என்று கண்டதும் ஃபோன் தானாக மொபைல் பக்கம் தாவிவிடும். ரூட்டர் பக்கம் திறக்கவே திறக்காது.

லேப்டாப்புக்குக் கிடைத்த முகவரி 169.254 என்று தொடங்கினால் நின்று கவனியுங்கள். ரூட்டர் முகவரி எதுவும் கொடுக்காததால் லேப்டாப் தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். கோளாறு வீட்டுப்பக்கம்: கேபிள், அந்த லான் போர்ட், அல்லது முகவரி வழங்கும் டிஎச்சிபி அணைந்திருப்பது.

பக்கம் திறந்துவிட்டால் 'ஸ்டேட்டஸ்' என்ற இடத்தில் வான் ஐபி முகவரி என்ன என்று பாருங்கள். நான் எங்கே போனாலும் முதலில் பார்ப்பது இந்த ஒரே ஒரு வரியைத்தான்.

அங்கே 0.0.0.0 என்று இருந்தால் ரூட்டருக்குத் தெருப்பக்கத்திலிருந்து முகவரி கிடைக்கவில்லை. உங்கள் இணைப்பு 'பிபிபிஓஇ' வகை என்றால், பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே நுழைய வேண்டும். யாராவது ரீசெட் செய்திருந்தால் அவை காணாமல் போயிருக்கும். இதில் ஓர் எழுத்து பெரியதா சிறியதா என்பதும், கடைசியில் தெரியாமல் விழுந்த ஓர் இடைவெளியும் முக்கியம். ஃபோனிலிருந்து காப்பி செய்து ஒட்டும்போது அந்த இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். ஒட்டாமல் கையால் தட்டுங்கள்.

'தானாக முகவரி பெறு' வகை இணைப்பில், புது ரூட்டர் மாட்டிய அன்றே இந்தப் பிரச்சினை வந்தால் காரணம் வேறாக இருக்கலாம். சில நிறுவனங்கள் பழைய ரூட்டரின் மேக் முகவரியை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணை, குறித்து வைத்திருக்கும். புதுக் கருவியை அது அறியாது. மோடத்தை, அதாவது நிறுவனத்தின் கம்பி முதலில் வந்து சேரும் பெட்டியை, சில நிமிடம் அணைத்து வையுங்கள். பிறகு மோடத்தை மட்டும் போட்டு, அதன் லைட்கள் நிலைத்த பிறகு ரூட்டரைப் போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நிறுவனத்திடம் புது எண்ணைச் சொல்லலாம், அல்லது ரூட்டரில் இருக்கும் 'மேக் குளோன்' வசதியால் பழைய எண்ணையே போடலாம்.

வான் முகவரியும் வீட்டுக்குள் வழங்கும் முகவரியும் ஒரே வரிசையில், உதாரணமாக இரண்டும் 192.168.1 என்று தொடங்கினால், ரூட்டருக்குத் தெரு எது வீடு எது என்று பிரித்தறிய முடியாது. மேலே இருக்கும் மோடமும் ஒரு ரூட்டராக வேலை செய்யும்போது இது நேரும். உங்கள் ரூட்டரின் லான் முகவரியை 192.168.50.1 என்பதுபோல் வேறொன்றாக மாற்றுங்கள்.

சிலருக்கு நெட் வருகிறது, சிலருக்கு வரவில்லை

கண்டுபிடிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டிய கோளாறு இது. ஒருமுறை நண்பர் வீட்டில் இதைப் பார்த்தேன். அவருடைய ஃபோனில் நெட் இருந்தது, மனைவியின் ஃபோனில் இல்லை. அரை மணி கழித்து அவருடையது நின்றது, மனைவிக்கு வந்தது. இருவரும் ஒரே சோஃபாவில்தான் உட்கார்ந்திருந்தார்கள், அதே வைஃபைதான். ஃபோனைக் குறை சொல்லி, ஒன்றை அழித்து மறுபடி அமைத்தும் முடித்திருந்தார்கள்.

ரூட்டரைத் திருப்பிப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. நீல நிற வான் போர்ட் காலியாக இருந்தது. மோடத்திலிருந்து வந்த கேபிள், மஞ்சள் லான் போர்ட் ஒன்றில் செருகியிருந்தது. வெள்ளையடிக்க ரூட்டரைக் கழற்றியவர் மறுபடி மாட்டும்போது காலியாகக் கண்ணில் பட்ட ஓட்டையில் செருகிவிட்டார்.

ஏன் பாதிப் பேருக்கு மட்டும் வேலை செய்தது? ஒரு ஃபோன் வைஃபையில் சேர்ந்ததும் "எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்" என்று வீடு முழுக்கக் கேட்கும். வீட்டுப்பக்கத்திலேயே இப்போது பதில் சொல்ல இரண்டு பேர்: ரூட்டர் ஒன்று, மோடம் ஒன்று. யார் முந்திக்கொண்டாரோ அவர் கொடுத்த முகவரியை ஃபோன் எடுத்துக்கொள்ளும். மோடம் முந்தினால் நெட் வரும். ரூட்டர் முந்தினால், "வெளியே போக என்னிடம் வா" என்று தன்னையே வாசலாகக் காட்டும். ஆனால் அதன் தெருவாசலில் கம்பியே இல்லை. முகவரியின் தவணை முடிந்து ஃபோன் மறுபடி கேட்கும்போது ஆட்டம் மாறிவிடும்.

கேபிளை வான் போர்ட்டுக்கு மாற்றி, எல்லா ஃபோன்களிலும் வைஃபையை அணைத்துப் போட்டால் தீர்ந்தது.

இதே சங்கடம், மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று பழைய ரூட்டர் ஒன்றைக் கூடுதலாக மாட்டும்போதும் வரும். அந்த ரூட்டரில் 'ஆக்சஸ் பாயின்ட்' என்ற முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், வேறெதுவும் வேண்டாம். இல்லையென்றால் மூன்று வேலை: அதன் டிஎச்சிபியை அணைக்க வேண்டும்; அதன் லான் முகவரியை முதல் ரூட்டரோடு மோதாத, ஆனால் அதே வரிசையில் உள்ள ஒன்றாக மாற்ற வேண்டும்; முதல் ரூட்டரிலிருந்து வரும் கேபிளை அதன் வான் போர்ட்டில் அல்ல, லான் போர்ட்டில் செருக வேண்டும். முகவரியை முதலில் மாற்றிவிட்டு, அதன் பிறகு டிஎச்சிபியை அணையுங்கள். வரிசை மாறினால் அந்தப் பெட்டிக்குள் மறுபடி நுழைவதே பாடாகிவிடும்.

கேபிளில் செருகியும் வேகம் 94-ஐத் தாண்டவில்லை

300 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்திருக்கிறீர்கள். எத்தனை முறை சோதித்தாலும் 93, 94, 94. இந்த எண் தற்செயல் அல்ல. எங்கோ ஓர் இணைப்பு 100 எம்பிபிஎஸ் என்ற பழைய வேகத்துக்கு இறங்கிவிட்டது. 100-இல், ஒவ்வொரு தகவல் பொட்டலத்தோடும் ஒட்டிக்கொண்டு போகும் தலைப்புத் தகவல்களுக்கான பங்கு போக, கைக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட 94.

ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு எட்டும் வேண்டும். மீதி நான்கில் ஒன்று அறுந்தாலும் நெட் நிற்காது. இரு முனையும் பேசிப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் 100-க்கு இறங்கிச் சத்தமில்லாமல் ஓடும். அதனால்தான் இதை மாதக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை.

பிளக்கைக் கையில் எடுங்கள். கிளிப் கீழ்ப்பக்கம் இருக்கட்டும், கேபிள் உங்களை நோக்கி வரட்டும். வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி பிளாஸ்டிக் வழியாக எட்டுக் கம்பிகளும் வரிசையாகத் தெரியும். அதிகம் புழங்கும் முறையில் இடமிருந்து வலமாக ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. எட்டும் முன்னால் தங்க நிறத் தகடுகளின் அடிவரை போயிருக்கின்றனவா? ஏதாவது ஒன்று எட்டாமல் பாதியில் நிற்கிறதா? கேபிளின் வெளித்தோல் பிளக்குக்குள் நுழையாமல் கம்பிகள் வெளியே தெரிகின்றனவா? அப்படியென்றால் ஒவ்வோர் அசைவிலும் இழுபடுவது அந்த மெல்லிய கம்பிகள்தான். கிளிப் உடைந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். பார்வைக்கு உள்ளே இருக்கும், தொட்டால் ஒரு மில்லிமீட்டர் வெளியே வரும். கதவிடுக்கில் போகும் கேபிளைக் கதவு தினமும் நசுக்குகிறதா என்பதையும் பாருங்கள்.

கேபிளின் தோலில் 'கேட் 5ஈ' அல்லது அதற்கு மேல் அச்சிட்டிருந்தால் 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் ஓடும். கேபிள் மாற்றியும் 94 என்றால் ரூட்டரின் போர்ட்களே 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கலாம். விலை குறைந்த ரூட்டர்கள் பலவற்றில், பெட்டியின் மேல் வைஃபை வேகம் ஆயிரத்துக்கு மேல் எழுதியிருந்தாலும், பின்னால் இருக்கும் போர்ட்கள் 100-தான். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். வாங்கும்போது வைஃபை எண்ணை விட்டுவிட்டு, வான் போர்ட்டும் லான் போர்ட்டும் 'ஜிகாபிட்' தானா என்று கேளுங்கள்.

லான் லைட்கள் எல்லாம் ஒரே தாளத்தில் வேகமாகத் துடிக்கின்றன

ஒரே கேபிளின் இரு முனைகளும் ரூட்டரிலேயே செருகப்பட்டிருக்கிறதா பாருங்கள். தளர்ந்து கிடந்த முனையை யாரோ நல்லெண்ணத்தில் செருகியிருப்பார்கள். அனுப்பிய தகவல் சுற்றிச் சுற்றித் திரும்பி வந்து மொத்தப் பிணையமும் திணறும். ஒரு முனையைப் பிடுங்கினால் விநாடிகளில் சரியாகிவிடும்.

கேபிளில் நன்றாக ஓடுகிறது, வைஃபையில் மட்டும் தொல்லை

அப்படியென்றால் தெருப்பக்கம் குற்றமற்றது. நிறுவனத்தை அழைக்க வேண்டாம்.

வைஃபைக்குப் பொதுவாக இரண்டு அலைவரிசைகள். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் நெரிசல் மிகுந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். அலைவரிசைக்குள் பிரித்து வைத்த தடங்கள்தான் சேனல்கள்; 2.4-இல் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. பக்கத்து வீட்டோடு மோதாமலிருக்க 3 அல்லது 8 வைப்பது புத்திசாலித்தனமாகத் தோன்றும்; உண்மையில் இரண்டு பக்கத்து வீடுகளோடும் மோதும். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது மட்டும் நெட் தடுமாறினால் ஆச்சரியமில்லை, அதுவும் 2.4-இன் அருகில்தான் இயங்குகிறது. ரூட்டரை ஒட்டி யூஎஸ்பி 3 வகை ஹார்டு டிஸ்க் வைத்திருந்தால் அதைச் சற்றுத் தள்ளி வையுங்கள். அந்தக் கேபிளும் இந்த அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும்.

ரூட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள்? டிவிக்குப் பின்னால், இரும்பு அலமாரிக்குள், மீன் தொட்டிக்கு அருகில், பெரிய கண்ணாடிக்குப் பின்னால் என்றால் எந்த செட்டிங்ஸும் காப்பாற்றாது. உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் உறிஞ்சும். தரையிலிருந்து எடுத்துத் தலை உயரத்தில், வீட்டின் நடுப்பக்கமாக வைத்துப் பாருங்கள்.

ரீஸ்டார்ட் செய்த பிறகு 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் காணவில்லை என்று பலர் பதறுவார்கள். 52 முதல் 144 வரையிலான சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துவதால், ஒலிபரப்பத் தொடங்குமுன் ரூட்டர் குறைந்தது ஒரு நிமிடம் காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். சில சேனல்களில் பத்து நிமிடம்கூட ஆகலாம். காத்திருங்கள். அடிக்கடி நடந்தால் 36 முதல் 48-க்குள் ஒரு சேனலை நிரந்தரமாக வைத்துவிடுங்கள்.

ஸ்மார்ட் பல்பு, கேமரா போன்றவை சேர மறுத்தால், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, அமைக்கும் நேரத்தில் ஃபோனையும் 2.4-இல் சேருங்கள். பாதுகாப்பு முறை 'டபிள்யூபிஏ3 மட்டும்' என்று இருந்தால் பழைய கருவிகளால் நுழைய முடியாது. 2-உம் 3-உம் கலந்த முறைக்கு மாற்றுங்கள். அதற்காகப் பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து விட்டுவிடாதீர்கள்.

பிரிண்டர் ஃபோனில் தெரியவில்லை என்றால், ஃபோன் 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விருந்தினர் வைஃபையிலிருந்து வீட்டுக் கருவிகளை எட்ட முடியாதபடிதான் அது அமைந்திருக்கும்.

சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை

இதற்கு முகங்கள் இரண்டு. பெயர் தட்டினால் எந்தத் தளமும் வரவில்லை, ஆனால் 8.8.8.8-க்குப் பிங் (ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது என்றால், வழி இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் படுத்துவிட்டது. ரூட்டரில் டிஎன்எஸ்ஸை 1.1.1.1, 8.8.8.8, 9.9.9.9 ஆகியவற்றில் ஒன்றாக மாற்றுங்கள். இரண்டாவது இடத்தில் வேறொரு நிறுவனத்தின் எண்ணைக் கொடுங்கள், ஒன்று நின்றால் மற்றது கைகொடுக்கும்.

சில தளங்கள் வந்து, சில தளங்கள் பாதியில் சுற்றிக்கொண்டே நின்று, அலுவலக விபிஎன் சேர்ந்தும் வேலை செய்யாமல் இருந்தால் எம்டியூ அளவைப் பாருங்கள். ஒரு தகவல் பொட்டலம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கான எல்லை அது. ஈதர்நெட்டில் 1500. பிபிபிஓஇ தனக்கென்று 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1492 இருக்க வேண்டும். 1500 என்றே விட்டால் சிறிய பொட்டலங்கள் போகும், பெரியவை வழியில் காணாமல் போகும்.

வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க முடியவில்லை

போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியிலிருந்து வரும் அழைப்பைக் கேமராவுக்குத் திருப்பிவிடும் அமைப்பு, எல்லாம் சரியாகச் செய்தும் திறக்கவில்லை என்றால், மறுபடியும் அந்த வான் ஐபி வரிக்குப் போங்கள். 10 என்றோ, 192.168 என்றோ, 172.16 முதல் 172.31 வரை எதிலாவதோ தொடங்கினால், உங்கள் ரூட்டருக்கு மேலே இன்னொரு ரூட்டர் இருக்கிறது. 100.64 முதல் 100.127 வரை என்றால், நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. இந்த நிலைகளில் உங்கள் கதவைத் திறந்து வைத்துப் பயனில்லை. தெருமுனைக் கதவு பூட்டியிருக்கிறது. மேலே இருப்பது உங்கள் மோடம்தான் என்றால், அது ரூட்டர் வேலை பார்க்காமல் வெறும் பாலமாக இருக்கும் 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றலாம். இல்லையென்றால் நிறுவனத்திடம் பொது முகவரி கேட்க வேண்டும், அல்லது கேமராத் தயாரிப்பாளரின் செயலி வழியாகவே பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால், கேமராவின் போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைப்பதைவிட, ரூட்டரில் விபிஎன் வசதி இருந்தால் அதன் வழியாக உள்ளே வருவது பல மடங்கு பாதுகாப்பு.

வேறு வழியில்லை, ரீசெட் செய்துதான் ஆக வேண்டும்

செட்டிங்ஸ் பக்கத்தின் பாஸ்வேர்டு மறந்துபோய், சீட்டில் இருப்பதும் ஏற்கவில்லை என்றால் ரீசெட் நியாயமான வழி. ஆனால் அதற்கு முன், பிபிபிஓஇ பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நிறுவனத்தை அழைத்து வாங்கிக் காகிதத்தில் எழுதுங்கள். இணைப்புக்கு 'விலான்' எண், அதாவது ஒரே கம்பியில் ஓடும் சேவைகளைப் பிரித்துக் காட்டும் எண், உண்டா என்றும் அதே அழைப்பில் கேளுங்கள். அது தெரியாமல் பயனர் பெயர் சரியாக இருந்தும் சேர மறுக்கும். நிறுவனமே கொடுத்த ஃபைபர் பெட்டி என்றால் ரீசெட் செய்யலாமா என்றே முதலில் கேளுங்கள். சிலவற்றில், மையத்தில் பதிவு செய்ய வேண்டிய விவரமும் சேர்ந்து அழிந்துவிடும்.

ரூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஊசியால் அழுத்துங்கள், எல்லா லைட்டும் ஒருசேரச் சிமிட்டியதும் விடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் தொடாமல் இருங்கள். நடுவில் மின்சாரத்தை நிறுத்த வேண்டாம். பிறகு வைஃபையில் அல்ல, கேபிளில் உள்ளே போய், முதலில் செட்டிங்ஸ் பாஸ்வேர்டை மாற்றுங்கள், அடுத்து இன்டர்நெட் விவரம், அடுத்து வைஃபை. வைஃபைக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையுமே கொடுத்தால், வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும்.

நெட் வந்ததும் மூடிவிடாதீர்கள். செட்டிங்ஸில் 'பேக்கப்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் வரும் கோப்பைக் கணினியில் சேமித்து, எழுதிய காகிதத்தை ரூட்டரின் அடியில் ஒட்டாமல், வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் கோப்பில் வையுங்கள்.